தம் வழியைத் தாமே தேர்ந்த உ. வே. சாமிநாதையர்

1880ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், வியாழக்கிழமை. குடந்தைக் கல்லூரியில் தமிழாசிரியராகப் பணியேற்று எட்டுத் திங்களே நிறைந்திருந்த இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர், அவ்வூருக்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். இளைஞரின் பெயர் சாமிநாதன். அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், தலபுராணங்கள் எனத் தாம் கற்ற நூல்களை ஒவ்வொன்றாக அவர் அடுக்கிச் சொன்னார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர் என்ற பெருமிதமும் அச்சொற்களில் கலந்திருந்தது. முன்சீப்பின் முகத்தில் மலர்ச்சி ஏதும் தோன்றவில்லை. கம்பராமாயணத்தைச் சொன்னபோதும் நிறைவு இல்லை. இவையெல்லாம் பிற்கால நூல்கள் என்றும், இவற்றுக்கு மூலமாகிய பழைய நூல்களைப் படித்ததுண்டா என்றும் முதலியார் கேட்டார். சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை என்ற பெயர்கள் அடுத்தடுத்து வந்தன. இளைஞர் அவற்றுள் ஒன்றையும் படித்திருக்கவில்லை. படித்தது மட்டுமன்று, ஏட்டைக் கண்ணால் கண்டதும் இல்லை.

அந்த இடத்தில் மனம் சுளித்துத் திரும்பியிருப்பின் அவரைக் குறை கூறுவார் எவரும் இலர். அக்காலத் தமிழ்ப் புலவர் எவரிடம் கேட்டிருந்தாலும் பெரும்பாலும் அதே விடைதான் வந்திருக்கும். சிலப்பதிகாரத்தின் பெயரையே பிழையாக வழங்கிய புலவர்களும் அந்நாளில் இருந்தனர். கல்லூரியில் நிலையான வேலை, திருவாவடுதுறை ஆதீனத்தின் பேரன்பு, மாணவர்களின் மதிப்பு ஆகிய யாவும் அவ்விளைஞர்க்கு வாய்த்திருந்தன. ஆயினும் அந்நூலைத் தந்தால் படித்துப் பொருள் அறிய முயல்வதாக அவர் சொன்னார். பின்னாளில் தமிழ்த் தாத்தா என்று நாடு போற்றிய டாக்டர் உ. வே. சாமிநாதையரின் பெருவாழ்வு அந்த ஒரு மறுமொழியிலிருந்து தொடங்குகிறது எனலாம்.

அவ்வாறு மறுமொழி கூறும் உள்ளம் ஒரே நாளில் அமைந்ததன்று. 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் பிறந்த அவர், பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சேர்ந்தவர். தந்தையார் வேங்கடசுப்பையர் இசை வல்லுநர்; இராமாயணக் கதை கூறி, கேட்போர் அளிக்கும் பொருளைக் கொண்டு குடும்பத்தைக் காப்பாற்றியவர். நிலையான வருவாய் இல்லை. அரியலூர், குன்னம், கார்குடி என ஊர் ஊராகக் குடும்பம் பெயர்ந்தது. அங்கங்கே கிடைத்த ஆசிரியரிடம் கிடைத்த நூலைப் பிள்ளை பாடங்கேட்டான். தந்தையின் விருப்பமோ மகன் இசையில் தேர வேண்டும் என்பது. ஆங்கிலம் படித்தால் இம்மையிலும் வடமொழி படித்தால் மறுமையிலும் நன்மை உண்டு என்று உறவினர் அறிவுறுத்தினர். தமிழால் இரண்டும் இல்லை என்பதே அவர்கள் முடிவு. சிறுவன் தமிழையே பற்றி நின்றான்.

1871இல், பதினாறாம் அகவையில், மாயூரத்தில் மகாவித்துவானிடம் மாணாக்கராகச் சேர்ந்தார். வேங்கடராமன் என்ற பெயரைச் சாமிநாதன் என்று மாற்றியவர் அப்பெருமகனாரே. அவ்வூரில் வாழ்ந்த நந்தனார் சரித்திர ஆசிரியர் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம், தந்தையின் விருப்பப்படி இசையும் கற்கத் தொடங்கியிருந்தார். இசைப் பயிற்சி இலக்கியப் பயிற்சிக்கு இடையூறாகும் என்று ஆசிரியர் கருதுவதை அறிந்ததும் அதனை நிறுத்திவிட்டார். தந்தைவழி வந்த கலையை, அதுவும் பாரதியார் போன்ற ஒருவரிடம் கற்கும் வாய்ப்பைக் கைவிடுவது எளிதன்று. இசையறிவு அவரை விட்டு நீங்கவில்லை என்பது வேறு. ஒன்றை அடைய மற்றொன்றை விட வேண்டும் என்னும் தெளிவு அவ்விளம் வயதிலேயே அவரிடம் இருந்தமை கருதத்தக்கது.

1876 பிப்ரவரியில் ஆசிரியர் மறைந்தார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் மேலகரம் சுப்பிரமணிய தேசிகர் அவரை மடத்திலேயே வைத்துப் பாதுகாத்தார். குடந்தைக் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, தம் இடத்திற்குச் சாமிநாதையரே தக்கவர் என்று பரிந்துரைத்தார். 1880 பிப்ரவரியில் அவர் கல்லூரியிற் புகுந்தார். மாதச் சம்பளம் ஐம்பது ரூபாய். பின்னாளில் சென்னையில் தாம் வாழ்ந்த இல்லத்திற்கு அவர் இட்ட பெயர் தியாகராச விலாசம் என்பது. வேலை வாங்கித் தந்தவரை அவர் மறக்கவில்லை.

இனிச் சிந்தாமணிக்கு வருவோம். முதலியார் தம்மிடமிருந்த கையெழுத்துப் படியை அளித்தார். திருத்தக்கதேவர் இயற்றிய 3145 செய்யுட்கள், பதின்மூன்று இலம்பகங்கள், நச்சினார்க்கினியர் உரை. முதல் இலம்பகமாகிய நாமகளிலம்பகம் மட்டும் 1868இல் பவர் என்னும் பாதிரியாரின் முயற்சியால் அச்சேறியிருந்தது. ஏனையவை ஏட்டிலேயே கிடந்தன. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபடா. ரகரத்தையும் காலையும் பிரித்தறிவது அரிது. செய்யுள் எங்கே முடிந்து உரை எங்கே தொடங்குகிறது என்பதையும் படிப்பவரே கண்டுகொள்ள வேண்டும். இத்துணையும் மொழிப் பயிற்சியால் கடக்கக்கூடிய இடர்கள். மொழிப் பயிற்சி உதவாத இடம் ஒன்று இருந்தது. நூல் முழுவதும் சமண சமயக் கருத்துக்கள் நிறைந்திருந்தன. சைவ மடத்தில் வளர்ந்த அவருக்கு அவை முற்றும் புதியவை.

இங்கே அவர் செய்த செயலே நம் சமூகத்தார் என்றும் நன்றியோடு நினைக்கத்தக்கது. புரியாத இடங்களுக்குத் தாமே பொருள் புனைந்துகொள்ளவில்லை. விட்டுவிட்டு மேலே செல்லவும் இல்லை. குடந்தையில் சமணர் வாழ்கின்றனர் என்று கேள்விப்பட்டு அவர்கள் தெருவைத் தேடிச் சென்றார். சந்திரநாத செட்டியார் என்பவரின் இல்லத்தை அடைந்தபோது, வாயிலில் மாவிலைத் தோரணமும் கோலமுமாக விழாக்கோலம் விளங்கியது. திருமணமோ என்று அவர் ஐயுற்றார். ஆறு மாதமாக அவ்வீட்டில் சிந்தாமணி படனம் நடைபெற்று அன்று நிறைவேறுகிறது என்பதும், அதற்காகவே அந்தப் பூசை என்பதும் பின்னர்த் தெரிந்தன. தமிழ்ப் புலவர் உலகம் கண்ணாலும் காணாத காப்பியம், அடுத்த தெருவில் இல்லறத்தார் கூடியிருந்து கேட்கும் நூலாக உயிரோடு இருந்தது. அந்நிறைவு விழா நாளிலேயே அவர் சென்று நின்றதை என்னென்பது! தற்செயல் என்பாரும் உளர். ஊழ்வினை என்பாரும் உளர். எதுவாயினும், அவர் நடந்து சென்றிராவிடின் அத்தோரணத்தைக் கண்டிருக்க முடியாது.

அன்று முதல் அவர் அவ்வீட்டின் மாணாக்கரானார். வீடூர் அப்பாசாமி நயினார் போன்ற சமணப் பெரியோரிடம் ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். வீடூரின் பெயரை அறியாத தமிழ்ச் சமணர் இலராதலின் அதனை விரித்தல் வேண்டா. தீர்த்தங்கரர் வரலாறு, மும்மணிகள், ஐம்பெரும் பரமேட்டிகள், வினையின் வகைகள் என ஒவ்வொன்றையும் அடிப்படையிலிருந்து கற்றார். கல்லூரியில் பாடஞ்சொல்லும் ஆசிரியர், மாலை வேளையில் வேற்றுச் சமயத்தார் இல்லத் திண்ணையில் பாடங்கேட்டார். அவருடைய ஆர்வத்தைக் கண்ட அவர்கள் அவரைப் பவ்விய ஜீவன் என்று பாராட்டினர். வீடுபேற்றுக்குத் தகுதியுடைய உயிர் என்னும் பொருள்பட நம் முன்னோர் வழங்கிய அச்சொல்லைப் பிற சமயத்தார் ஒருவர்க்கு அளித்தனர் என்றால், அவ்விரு சாராரின் உள்ளப் பெருமையையும் என்ன சொல்லிப் புகழ்வது!

நச்சினார்க்கினியரும் முதலில் எழுதிய உரையைச் சமணர் ஒப்பாமையால், அவர்களிடம் சமயநூல் பயின்று மீண்டும் எழுதினார் என்பது வழிவழி வரும் செய்தி. பல நூற்றாண்டுகளுக்குப் பின் அவ்வுரையைப் பதிப்பிக்க வந்தவரும் அதே வாயிலில் நின்றார்.

பழவேற்காட்டு மீனவர் நன்கறிந்த ஒன்று உண்டு. ஏரியும் கடலும் கூடும் முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டால் உப்பும் மீனும் உள்ளே வருவது நின்று ஏரி மெல்ல உயிரிழக்கும். அவ்வாறு தூர்ந்த காலங்களில் ஊர் மக்களே மண்வெட்டியும் கையுமாக இறங்கி வழி திறந்ததுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஏடுகளுக்கும் அத்தகைய தூர்வு நேர்ந்திருந்தது. பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதும் வழக்கம் அருகியது. செல்லரித்த சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடுவதை மக்கள் புண்ணியமாகக் கருதினர். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு அவர் ஏடு தேடிச் சென்றபோது, அங்கிருந்த பழஞ்சுவடிகள் நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடப்பட்டுவிட்டன என்ற செய்தியே கிடைத்தது. அதைக் கேட்டு அவர் பட்ட துயரம் பெரிது. எனினும் பயணத்தை நிறுத்தவில்லை. அடுத்த ஊருக்குச் சென்றார்.

சென்னைக்குச் சென்றுவிட்ட முதலியார், நூலை அச்சிட்டே தீர வேண்டும் என்று வற்புறுத்தினார். பொருள் இல்லை, பதிப்பு வேலையில் முன்பழக்கமும் இல்லை. கையொப்பக்காரர்களைச் சேர்த்தும் கடன்பட்டும் விடுமுறை தோறும் சென்னைக்குச் சென்று அச்சுத்தாள்களைத் திருத்தியும் பாடுபட்டார். சைவராகிய அவர் சமண நூலைப் பதிப்பிக்கலாமா என்று குறை கூறியோரும் உளர். 1887இல் சீவகசிந்தாமணி முழுமையும் உரையுடன் வெளிவந்தது. முதன்முதலாக அந்த முன்சீப்பின் முன் விடையின்றி அமர்ந்திருந்த நாளிலிருந்து ஏழாண்டுகள் சென்றிருந்தன.

பாராட்டோடு பழிப்பும் வந்தது. பதிப்பிற் குற்றம் கூறித் துண்டு வெளியீடுகள் பரவின. மனம் நொந்த அவர் விரிவாக ஒரு மறுப்பு எழுதி, கல்லூரியில் உடன் பணியாற்றிய சாது சேஷையரிடம் காட்டினார். ஒரு மறுப்புக்கு எதிராளி மற்றொரு மறுப்பு எழுதுவார் என்றும், பயனுள்ள பணிக்குரிய காலம் அவ்வாறே வீணாகிவிடும் என்றும் அவ்வறிஞர் எடுத்துரைத்தார். ஐயர் அதனை ஏற்றார். மறுப்பு அச்சேறவில்லை. பிறர் வசைக்கு விடையளிப்பதை அதன்பின் தம் வேலையாக அவர் கொள்ளவில்லை. ஏழாண்டு உழைப்பைத் தூற்றுவோரிடையே எழுதி முடித்த விடையைக் கையில் வைத்துக்கொண்டு வாளா இருத்தல் எத்துணைக் கடினம் என்பதை எழுத்துத் தொழிலில் உள்ளோர் அறிவர். ஏடு தேடியதினும் அவர் செய்த அரிய செயல் இதுவே என்று கூறினும் மிகையாகாது. அவர் மிச்சப்படுத்திய காலம் எங்கே சென்றது என்பதற்கு அடுத்து வந்த நூல்களே சான்று: பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. மணிமேகலைக்காகப் பௌத்த நூற் கருத்துக்களை மளூர் இரங்காசாரியரிடம் கேட்டறிந்தார். தெரியாததைத் தெரிந்தவரிடம் சென்று கேட்கும் பழக்கம், குடந்தைச் சமணர் தெருவிலிருந்து அவரோடு வந்தது.

அந்த முதலியார் 1892இல் காலமானார். தாம் வித்திட்டது தோப்பாவதை முழுவதும் காண அவருக்கு வாய்க்கவில்லை.

1903இல் ஐயர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பெற்றார். 1906இல் மகாமகோபாத்தியாயப் பட்டமும், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் வந்தன. பட்டங்கள் வந்த பின்னும் ஏடு பார்ப்பதை அவர் விடவில்லை. குறுந்தொகை வெளிவந்த 1937இல் அவருக்கு அகவை எண்பத்திரண்டு.

1940 முதல் ஆனந்த விகடன் இதழில் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதத் தொடங்கினார். தம் பெருமையை அன்றித் தமக்குக் கற்பித்தவர்களின் பெருமையையே அதில் மிகுதியாக எழுதினார். குடந்தைச் சமண அன்பர்களுக்கும் அதில் தனி இடம் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது சென்னை மீது குண்டு விழலாம் என்ற அச்சத்தால் மக்கள் வெளியேறியபோது, அவர் குடும்பமும் திருக்கழுக்குன்றத்திற்குச் சென்றது. அங்கே 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் அவர் மறைந்தார். வாழ்க்கை வரலாறு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியளவிலேயே நின்றுவிட்டது. அவர் திரட்டிய ஏடுகளும் நூல்களும் சிதறாமல் காக்கப்பெற வேண்டி, அடுத்த ஆண்டே ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் அவர் பெயரில் நூல்நிலையம் ஒன்று அமைந்தது. சென்னைப் பெசன்ட் நகரில் இன்றும் அது இயங்குகிறது.