குழந்தை உளநூல் அறிஞர் வைகாட்ஸ்கி

குழந்தையின் அறிவு வளரும் வகையை ஆராய்ந்த அறிஞர் பலருள், உருசிய நாட்டு லெவ் வைகாட்ஸ்கியின் வரலாற்றை நம் இளைஞர் அறிதல் வேண்டும் என விழைந்து இதனை எழுதுகிறோம்.

இன்று பெலாரஸ் நாட்டிலுள்ள ஓர்ஷா நகரில், 1896ஆம் ஆண்டு யூதக் குடும்பமொன்றில் பிறந்து, கோமெல் நகரில் வளர்ந்தவர் இவர். சார் மன்னர் ஆட்சியில் யூதர் விரும்பிய ஊரில் குடியிருத்தலும் அரிது. உயர்கல்வி அதனினும் அரிது. மாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் அவர்கட்கு நூற்றுக்கு மூன்று இடங்களே. ஒதுக்கீடு என்பதை நாம் அறிவோம். ஆனால் இது வாயிலை அடைக்க வந்த ஒதுக்கீடு. 1913இல் வைகாட்ஸ்கி தங்கப் பதக்கத்துடன் பள்ளிக் கல்வியை முடித்தார். அவ்வாண்டிலோ, அச்சில இடங்களையும் தகுதி நோக்காது சீட்டுக் குலுக்கி வழங்குமாறு ஆணை பிறந்தது! நற்பேறாக அவருக்குச் சீட்டு விழுந்தது. விழாதவர் எத்தனை பேரோ, அவர்தம் பெயர்களை யாரறிவார்?

சட்டம் பயின்றார். 1917இல் மன்னராட்சி வீழ்ந்து தடைகள் அகன்றபின், கோமெலில் ஆசிரியரானார். காசநோய் பற்றியது. எனினும் 1924இல் பெத்ரோகிராடு மாநாட்டில் அவர் ஆற்றிய உரை அறிஞரைக் கவர, மாஸ்கோ உளவியல் நிறுவனத்திற்கு அழைக்கப்பெற்றார். பார்வையும் செவிப்புலனும் இழந்த குழந்தைகளின் கல்விக்கும் பெரிதும் உழைத்தார்.

அவர் காட்டிய எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. இரு சிறுவரைச் சோதித்தால் இருவர் அறிவும் எட்டு வயதினருக்குரியது என முடிவாகிறது. நாம் அத்துடன் ஏட்டை மூடிவிடுவோம். அவரோ, கடினமான கணக்கைத் தந்து, முதலடியைச் சொல்லிச் சிறிது உதவச் செய்தார். ஒருவன் ஒன்பது வயதுக்குரிய கணக்கோடு நின்றான். மற்றவன் பன்னிரண்டு வயதுக்குரியதையும் முடித்தான். தனித்துச் செய்வதற்கும் துணையோடு செய்வதற்கும் உள்ள இந்த இடைவெளியே கற்பித்தலுக்குரிய களம் என்றார் அவர்.

வீட்டில் எழுத்தறிந்தோர் இல்லாத பிள்ளையை, முதல் தேர்வைக் கொண்டு மந்தன் என எழுதிவைத்த ஆசிரியருள் யாமும் ஒருவர். இளமையில் செய்த பிழை அது. அப்பிள்ளைகளின் முகங்கள் இன்றும் நினைவிலுள்ளன.

1934 சூன் 11ஆம் நாள், 37 வயதில், காசநோயால் வைகாட்ஸ்கி மறைந்தார். சிந்தனையும் மொழியும் பற்றிய அவரது பெருநூல் அவ்வாண்டே, அவர் மறைந்தபின் வெளிவந்தது. 1936இல் சோவியத் ஆட்சி குழந்தையியல் துறையையே கண்டித்து ஆணையிட, அவர் எழுத்துகளும் ஒதுக்கப்பட்டன. 1956இல்தான் அந்நூல் மீண்டும் அச்சேறியது. 1962இல் ஆங்கிலத்தில் வந்தது. இன்று நம் ஆசிரியப் பயிற்சி மாணவரும் அவரைப் பயில்கின்றனர்.