பிங்ஹாமும் குயில் குளவிகளும்

சார்லஸ் தாமஸ் பிங்ஹாம் பூச்சியியலாளர்களுக்கு நன்கு தெரிந்த பெயர். பர்மியக் காடுகளில் திரிந்தவர் என்றாலும் இங்கே ரங்கூனில் யாரும் அவரைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

1848ல் இந்தியாவில் ஓர் ஐரிஷ் குடும்பத்தில் பிறந்தார். படித்ததும் அங்கேதான். பிறகு ராணுவம். முதலில் அவருக்குப் பறவைகள் மீதுதான் மோகம். 1877ல் பர்மாவுக்கு வந்தபின் கவனம் பூச்சிகள் பக்கம் திரும்பியது. இங்கே வனத்துறை அதிகாரியாகவும் இருந்தார். அன்றைய வனத்துறைக்குக் காடென்றால் தேக்கு. தேக்குக் கணக்கில் ஒரு காசு வரவில்லாத குளவிமேல் அவருக்கு ஏன் ஆசை வந்தது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

1894ல் ஓய்வு பெற்று லண்டன் போனவர் சும்மா இருக்கவில்லை. பிரிட்டிஷ் மியூசியத்தின் பூச்சி அறையில் சம்பளமில்லாமல் உட்கார்ந்து, உலகெங்குமிருந்து வந்து குவிந்த கொட்டும் குளவி, தேனீ, எறும்பு வகைகளை ஒழுங்குபடுத்தினார். பிரிட்டிஷ் இந்திய விலங்குகள் குறித்த நூல்வரிசையில் குளவிகளையும் தேனீக்களையும் பற்றி 1897லும், எறும்புகளையும் குயில் குளவிகளையும் பற்றி 1903லும் எழுதினார். இலங்கையும் பர்மாவும் அதில் அடக்கம்.

குயில் குளவி பெயருக்கேற்ற திருடி. தாகேதாவில் எங்கள் ஜன்னல் சட்டத்தில் வேட்டுவன் குளவி மண்கூடு கட்டி, மயங்கிய சிலந்திகளை உள்ளே அடுக்கும். இப்படிப்பட்ட கூடுகளில்தான் குயில் குளவி தன் முட்டையை நுழைத்துவிடும். அதன் புழு வீட்டுக்காரக் குஞ்சையோ அதற்கு வைத்த உணவையோ தின்று வளரும். அகப்பட்டுக்கொண்டால் உருண்டையாகச் சுருண்டுகொள்ளும். அந்தக் கெட்டி ஓட்டில் கொடுக்கு எளிதில் இறங்காது. உடம்பின் பச்சை, நீல மினுக்கம் சாயமல்ல, ஓட்டின் நுண்ணிய அமைப்பில் ஒளி படும் விதம். கொட்டிக் கொட்டிப் புழுவைக் குளவியாக்கும் கதையைச் சொன்ன நம் முன்னோர், அதே கூட்டிலிருந்து இந்தப் பச்சைக்காரி வெளிவருவதைக் கண்டிருந்தால் உவமை என்ன பாடுபட்டிருக்குமோ!

உலகில் இவற்றில் சுமார் 3000 இனங்கள் உண்டு. பயிருக்கு நேரடி லாபமில்லை என்பதாலோ என்னவோ ஆராய வருபவர்கள் குறைவு.

1905ல் பிளான்ஃபோர்டு இறந்தபின் அந்த நூல்வரிசையின் பதிப்பாசிரியரானார் பிங்ஹாம். பட்டாம்பூச்சிகளுக்காக 1905லும் 1907லும் இரு தொகுதிகள் எழுதினார். அந்த வேலை முடியுமுன் 1908ல், 60 வயதில் காலமானார். 1913ல் கிளாட் மோர்லி எழுதிய அடுத்த குளவித் தொகுதி வேறொரு ஒட்டுண்ணிக் குடும்பத்தைப் பற்றியது. குயில் குளவிகளுக்கு அந்த வரிசையில் மறு நூல் வரவேயில்லை.