வெயிலையும் ஓதத்தையும் அளந்த ஹாலி

ஹாலி என்றவுடன் வால்நட்சத்திரம் ஒன்றையே நம்மிற் பெரும்பாலோர் நினைக்கின்றனர். அக்கனவான் கடலோடும் வெயிலோடும் பட்ட பாட்டை அறிந்தோர் சிலரே.

1656-ம் ஆண்டில் லண்டன் மாநகருக்கு அணித்தே சவர்க்கார வணிகர் ஒருவரின் மைந்தராய்ப் பிறந்த எட்மண்ட் ஹாலி, ஆக்ஸ்போர்டில் பட்டம் பெறுமுன்னரே, தென்றிசை விண்மீன்களை அளப்பதற்கென 1676-ல் செயின்ட் ஹெலினா தீவுக்குக் கப்பலேறினார். நியூட்டனின் பெருநூல் 1687-ல் வெளிவந்தது இவர் தூண்டுதலாலும் கைப்பொருளாலுமே. அவ்வாண்டில் அச்சேறிய இவரது சிறு பரிசோதனையொன்று எமக்கு அதனினும் சுவையாகத் தோன்றுகின்றது. கடல்நீரளவு உப்புக் கரைத்த நீரைத் தட்டமொன்றில் வார்த்து, கோடைக்காலச் சூடு ஏறுமளவு காய்ச்சி, தராசில் மாட்டி எடை குறைவதை நோக்கியிருந்தார். 12 மணி நேரத்தில் அங்குலத்தில் பத்திலொரு பங்கு ஆவியாகுமென்றும், மத்தியதரைக் கடல் கோடையில் நாளொன்றுக்கு 528 கோடி டன் நீரை இழக்கின்றதென்றும் கணித்தார். நதிகள் அதற்குத் தருவதோ ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே!

1691-ல் ஆக்ஸ்போர்டு வானநூற் பேராசிரியர் பதவியை நாடினார். உலகம் அநாதியென்று எண்ணுகிறவர் என்னும் ஐயம் எழுந்தது. பதவி பிறர்க்குப் போயிற்று. அந்த ஐயம் அவர் நெஞ்சைத் தைத்திருத்தல் வேண்டும். ஏரிகளிலும் கடலிலும் உப்பு ஏறிவரும் அளவைக்கொண்டு உலகின் வயதைக் கணிக்கலாமென 1715-ல் எழுதியபோது, உலகுக்குத் தொடக்கம் உண்டு என நாட்டுவதே அவர் நோக்கமாயிருந்தது.

1693-ல் வெயிலின் வரவைக் கணக்கிட்டார். உத்தராயண முடிவு நாளில் வடதுருவம் நிலநடுக்கோட்டினும் மிகுந்த வெயிலைப் பெறுகின்றதாம்! அங்ஙனமாயின் பனி உருகாததேன்? நீண்ட இரவில் ஏறிய குளிரே காரணமென்றார். 1701-ல் பாரமோர் என்னும் சிறு கப்பலில் ஆங்கிலக் கால்வாயின் ஓதங்களை இடந்தோறும் அளந்தார்.

வெயில், ஆவி, ஓதம் மூன்றையும் அவர் தனித்தனி ஏடுகளில் எழுதிவைத்தார். கடலோர உவர்ச்சதுப்பிலோ இவை ஒருங்கே கூடுகின்றன. உச்சிப்பொழுதில் ஓதம் ஏறிச் சேற்றையும் புல்லையும் மூடினால், மேற்பரப்பு திருப்பியனுப்பும் ஒளி குறைகின்றது. ஏற்கும் வெப்பம் மிகுகின்றது. அதிற் பெரும்பகுதியை நீர் தன்னுட் சேமித்து, ஒரு கூற்றை ஆவியாய் விடுகின்றது. ஏற்றம் நாடோறும் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்துவதால், இன்று நண்பகலில் மூழ்கிய சதுப்பு ஒரு வாரங்கழித்து அதே வேளையில் வெளிப்பட்டுக் கிடக்கும். ஆகவே ஒருநாள் அளவைக்கொண்டு அதன் வெப்பக் கணக்கை முடித்தல் இயலாது.

1720-ல் கிரீனிச் வானகத்தின் தலைமையேற்றபோது ஹாலிக்கு வயது 63. 18 ஆண்டுகள் நீடிக்கும் சந்திரனது சுற்றொன்றை அவ்வயதிற்குப் பின்னரே நோக்கத் தொடங்கினார். அதனை முடித்தும்விட்டு, 1742-ல் காலமானார்.