தேசிங்கு மன்னன்

பூவிருந்தவல்லியினின்று மேற்கே செல்லும் பெங்களூர் நெடுஞ்சாலையில் நாள்தோறும் எண்ணிறந்த வண்டிகள் ஓடுகின்றன. அவற்றுட் சிலவற்றின் நெற்றியில் இராணிப்பேட்டை என்னும் ஊர்ப்பெயர் எழுதப்பட்டிருத்தலை எம்மூரார் பலரும் கண்டிருப்பர். அப்பேட்டைக்குப் பெயர் தந்த இராணி யாவள் என வினவுவார் சிலரே. வாளேந்திக் களத்தில் மாய்ந்த ஓர் இளைஞனின் மனைவி அவள் என்பது வழிவழி வந்த செய்தி. அவ்விளைஞனே செஞ்சிக்கோட்டைத் தேசிங்கு மன்னன். அவன் வாழ்க்கையைச் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செஞ்சி, திண்டிவனத்திற்கு மேற்கே உள்ளது. மூன்று குன்றுகளை நெடுமதிலால் இணைத்து எழுப்பிய அக்கோட்டையை வெல்லுதல் எளிதன்று. சிவாஜி அதனை 1677-இல் கைப்பற்றினார். அவர் மைந்தர் ராஜாராம் அதனுள் இருந்துகொண்டே முகலாயரின் பெரும்படையை ஏறத்தாழ எட்டாண்டுகள் எதிர்த்து நின்றார். 1698-இல் கோட்டை முகலாயர் வசமாயிற்று. பின்னர், புந்தேல்கண்டு நாட்டு இராசபுத்திரராகிய சொரூப்சிங் என்பாரை ஔரங்கசீப் அதன் காவலராக அமர்த்தினார். அவர் மகனே தேஜ்சிங். தமிழ் மக்கள் நாவில் அப்பெயர் தேசிங்கு என மருவிற்று.

1714-இல் தந்தை இறந்தார். மைந்தன் செஞ்சியின் ஆட்சியை ஏற்றான். அப்பொழுது அவனுக்கு வயது ஏறத்தாழ இருபத்திரண்டு. ஆர்க்காட்டு நவாபாகிய சாதத்துல்லாகான் நிலுவைப் பணத்தைச் செலுத்துமாறு கேட்டார். பேரரசர் தம் தந்தைக்கு அளித்த உரிமை தமக்கும் உரியதென்பது தேசிங்கின் கொள்கை. ஆதலின் அவன் நவாபுக்குப் பணியவில்லை. தூதுகள் பயன்படாது போயின. நவாபின் பெரும்படை செஞ்சியை நோக்கிப் புறப்பட்டது.

தேசிங்கு குதிரையேற்றத்திலும் வாட்போரிலும் வல்லவன். தில்லியில் எவருக்கும் அடங்காத குதிரையொன்றை அவன் அடக்கினான் என்று நாட்டுக்கதை புகழும். கதையை விடுத்து அக்கலையின் இயல்பை மட்டும் நோக்கினும் வியப்புண்டாகும். ஒரு கை கடிவாளத்தையும் மற்றொரு கை வாளையும் பற்ற, ஓடும் குதிரையின்மேல் உடல் சாயாது அமர்தல் வேண்டும். வாள் எட்டும் தொலைவு கைந்நீளத்திற்குச் சற்றே மிகுதி. துப்பாக்கி ஏந்தியவன் தொலைவில் நின்றே கொல்வான். வாள்வீரனோ பகைவனுக்கு எத்துணை அருகில் செல்கின்றானோ, அத்துணை அருகில் தன் சாவையும் வைத்துக்கொள்கின்றான். எனவே வாட்கலை கைப்பயிற்சி மட்டுமன்று, நெஞ்சப் பயிற்சியுமாம்.

தமிழிலக்கணம் மதிலைக் காத்தலை நொச்சி என்றும், வெளிநிலத்தில் இருபடையும் எதிர்நின்று பொருதலைத் தும்பை என்றும் கூறும். தேசிங்கு நொச்சியை விடுத்துத் தும்பையைச் சூடினான். 1714 அக்டோபர் 3-ஆம் நாள், சிறு குதிரைப்படையுடன் கோட்டையை விட்டு வெளிப்போந்து, தன்னினும் பன்மடங்கு பெரிய படையுள் பாய்ந்தான். நவாபின் யானையை நோக்கியே விரைந்தான். அக்களத்திலேயே வீழ்ந்தான். அவன் ஆட்சி ஓராண்டும் நிரம்பவில்லை.

எட்டாண்டு முற்றுகையைத் தாங்கிய கோட்டையை விட்டு அவன் ஏன் வெளியே வந்தான் என்று நாம் வினவுதல் தகும். அவன் வீரத்தில் குறையில்லை; ஆராய்ச்சியிலே குறையுண்டு. ஜப்பான் நாட்டு வாள்வீரராகிய மியாமோட்டோ முசாசி அறுபதுக்கு மேற்பட்ட தனிப்போர்களில் தோலாதவர் எனப் பெயர் பெற்றவர். அவர் முதுமையெய்தி, வாட்கலை பற்றி ஒரு நூலும் எழுதி, 1645-இல் இறந்தார். காலம் பார்த்தலும் இடம் பார்த்தலும் வாளின் கூர்மையைப் போலவே இன்றியமையாதன என்பதை அவர் வாழ்க்கை காட்டும். அப்பக்குவம் பெறுதற்குத் தேசிங்குக்கு வாழ்நாள் வாய்க்கவில்லை. இருபத்திரண்டு வயதின் சினத்தை, அவ்வயதை நெருங்குகின்ற நாம் அறியாதவரல்லம்.

அங்ஙனமாயின் அவனை வியத்தற்குக் காரணம் யாது? அவனுடன் மடிந்த மகபத்கான் என்னும் நண்பனை நினைமின். தேசிங்கு இந்து, மகபத்கான் இசுலாமியன். நவாபும் இசுலாமியரே. ஆயினும் மகபத்கான் சமயத்தைக் கருதாது நட்பின் பக்கமே நின்றான். மணப்பந்தலினின்றும் மணக்கோலத்துடனே அவன் போர்க்களம் புகுந்தான் என்று கதைப்பாடல் கூறும். மன்னனைப் பாடிய நாட்டுப்புறப் பாவலர் நண்பனையும் விடாது பாடினர். தோற்கும் பக்கம் என்று அறிந்தும் ஒரு நண்பன் உடன்வருவானாயின், அவனை அங்ஙனம் ஈர்த்த நெஞ்சமும் பெருநெஞ்சமேயாதல் வேண்டும்.

தேசிங்கின் மனைவி உடன்கட்டை ஏறினாள் என்பர். அதனைப் புகழ எம் மனம் ஒருப்படவில்லை. கணவனின் துணிவுக்கு ஓர் இளம்பெண் தன் உயிரை விலையாகத் தந்தாள் என்றே வருந்துகின்றோம். அக்கொடிய வழக்கம் 1829-இல் வங்காளத்திலும் 1830-இல் சென்னை மாகாணத்திலும் சட்டத்தால் தடுக்கப்பட்டது. வென்ற நவாபோ அவளை இகழ்ந்திலர். பாலாற்றங்கரையில், ஆர்க்காட்டுக்கு எதிரே, அவள் நினைவாக ஒரு பேட்டையை அமைத்தார் என்பது மரபு. பகைவனின் மனைவிக்கு வென்றவர் செய்த சிறப்பு அது.

செஞ்சிக்கோட்டை 1750-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கும் 1761-இல் ஆங்கிலேயர் கைக்கும் மாறிற்று. அவ்வெற்றியாளரை நம் நாட்டுப்புறத்தார் பாடினாரல்லர். ஓராண்டும் ஆளாது தோற்றவனையே பாடினர். வாட்டிறம் அதனினும் பெரிய படைக்கு முன் தோற்றது. நட்பும் அஞ்சாமையுமோ தோற்றில. இவ்விரண்டையும் அவனிடம் கற்று, பொறுமையை வேறிடத்தே கற்போமாக. இனி, நெடுஞ்சாலையில் இராணிப்பேட்டை வண்டி கடந்து செல்லும்பொழுது, அப்பெயருள் அடங்கிய மூன்று இளம் உயிர்களையும் ஒரு கணம் எண்ணிப் பார்த்தல் நம் கடனாம்.