பீலிக்சு புளோக்

பீலிக்சு புளோக் (அக்டோபர் 23, 1905 – செப்டம்பர் 10, 1983) சுவிட்சர்லாந்தில் பிறந்த அமெரிக்க இயற்பியலாளர் ஆவார். அணுக்கருக் காந்த ஒத்ததிர்வைக் கண்டறிந்தமைக்காக எட்வர்டு பர்செல் என்பவருடன் இணைந்து 1952 ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். இன்று கரிம வேதியியல் ஆய்வகங்களில் மூலக்கூறுகளின் கட்டமைப்பை அறிய உதவும் கரிமம்-13 நிறமாலையியல் இவரது கண்டுபிடிப்பில் இருந்து கிளைத்ததாகும்.

இளமையும் கல்வியும்

புளோக் சூரிக்கு நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை தானிய வணிகர். 1924 இல் சூரிக்கிலுள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். ஓராண்டிற்குள் இயற்பியலுக்கு மாறினார். (பொறியியல் இழந்தது சிறிது, இயற்பியல் பெற்றது மிகுதி.) பின்னர் லைப்சிக் சென்று வெர்னர் ஐசன்பர்க்கிடம் ஆய்வு செய்து 1928 இல் முனைவர் பட்டம் பெற்றார். படிகத்தில் எதிர்மின்னிகள் எவ்வாறு இயங்குகின்றன என்பதை விளக்கிய அவ்வாய்வேடு, திண்மநிலை இயற்பியலுக்கு அடித்தளம் இட்டது. அதைச் செய்தபோது அவருக்கு வயது 22.

1933 இல் இட்லர் ஆட்சிக்கு வந்தவுடன் யூதரான புளோக் செருமனியை விட்டு வெளியேறினார். 1934 இல் கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். 1939 இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். அடுத்த ஆண்டு, தம்மைப் போலவே செருமனியில் இருந்து வந்த இயற்பியலாளர் லோர் மிசு என்பவரை மணந்தார்.

அணுக்கருத் தூண்டல்

1939 இல் லூயிசு அல்வாரெசுடன் சேர்ந்து நியூத்திரனின் காந்தத் திருப்புத்திறனை அளந்தார். இவ்வளவீட்டை மேலும் துல்லியமாகச் செய்யவேண்டும் என்ற விருப்பமே அவரது பிற்கால ஆய்வுகளைத் தூண்டியது. போர்க்காலத்தில் சிலகாலம் லாசு அலமோசில் பணியாற்றினார். அங்கிருந்த படைத்துறைச் சூழல் ஒவ்வாமல் விலகி, ஆர்வர்டில் ரேடார் எதிர்ப்பு ஆய்வில் சேர்ந்தார். அங்கே கற்ற வானொலி அலைத் தொழில்நுட்பம் பின்னர் கைகொடுத்தது.

ஸ்டான்போர்டு திரும்பியதும், வில்லியம் ஆன்சன், மார்ட்டின் பக்கார்டு ஆகியோருடன் 1946 இல் தம் புகழ்பெற்ற சோதனையைச் செய்தார். வலிய காந்தப்புலத்தில் வைக்கப்பட்ட அணுக்கரு, சாய்ந்து சுற்றும் பம்பரம் போல அச்சு திரும்பியபடி சுழல்கிறது. அதற்கேற்ற அதிர்வெண்ணில் வானொலி அலையைச் செலுத்தினால் எல்லா அணுக்கருக்களும் ஒருங்கே சாய்ந்து சுற்றும். அப்போது அருகே செங்குத்தாக வைக்கப்பட்ட கம்பிச்சுருளில் ஒரு மின்னழுத்தம் தூண்டப்படும். ஆகவே அவர் இதனை அணுக்கருத் தூண்டல் என்றார். பயன்படுத்திய பொருள் நீர்.

அதே காலத்தில் ஆர்வர்டில் பர்செல் குழுவினர் பாரபின் மெழுகில் ஆற்றல் உறிஞ்சப்படுவதைக் கண்டனர். இரு குழுக்களும் ஒன்றையொன்று அறியாமல் வேலை செய்தவை. ஒரு குழு உறிஞ்சல் என்றும் மற்றது தூண்டல் என்றும் பேசியதால், இரண்டும் ஒரே நிகழ்வுதான் என்பது உடனே விளங்கவில்லை. அணுக்கருக்கள் பழைய நிலைக்குத் திரும்பும் இரு தளர்வு நேரங்களைக் கொண்டு புளோக் எழுதிய சமன்பாடுகள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. மருத்துவமனைகளின் காந்த ஒத்ததிர்வுப் படிமங்களும் இச்சமன்பாடுகளின்படியே விளக்கப்படுகின்றன.

இயற்பியலாளரின் தொல்லை

ஓர் அணுக்கருவுக்கு ஒரே காந்தத் திருப்புத்திறன் தானே இருக்கவேண்டும்? ஆனால் 1950 இல் புளோக்கின் ஆய்வகத்தில் வாரன் பிராக்டர், யூ ஆகிய இருவர் அம்மோனியம் நைட்ரேட்டை ஆய்ந்தபோது, நைதரசனுக்கு ஒன்றன்றி இரண்டு குறிகைகள் கிடைத்தன. அணுவைச் சூழ்ந்த எதிர்மின்னிகள் காந்தப்புலத்தைச் சிறிது மறைப்பதால், அணு எந்தச் சேர்மப் பகுதியில் உள்ளது என்பதைப் பொறுத்து அதன் அதிர்வெண் மாறுகிறது. துல்லியமான அளவீட்டை நாடிய இயற்பியலாளருக்கு இது ஒரு தொல்லை. வேதியியலாளருக்கோ புதையல்! 1951 இல் அதே பல்கலைக்கழகத்தில் அர்னால்டு, தர்மத்தி, பக்கார்டு ஆகியோர் எத்தனாலில் 1:2:3 என்ற விகிதத்தில் மூன்று குறிகைகளைப் பிரித்துக் காட்டினர். இவர்களுள் தர்மத்தி பின்னர் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இத்துறை ஆய்வை வளர்த்தவர்.

கரிமம்-13

கரிம வேதியியலாளர் உண்மையில் காண விரும்பியது மூலக்கூறின் எலும்புக்கூடாகிய கரிமத்தையே. ஆனால் இயற்கைக் கரிமத்தில் 98.9 விழுக்காடு கரிமம்-12 ஆகும். அதன் தற்சுழற்சி சுழி என்பதால் இம்முறைக்கு அது புலப்படாது. எஞ்சிய 1.1 விழுக்காடு கரிமம்-13 மட்டுமே குறிகை தரும். அதுவும் ஐதரசனின் குறிகையில் ஏறத்தாழ 6000 இல் ஒரு பங்கு.

1954 இல் ஸ்டான்போர்டில் வர்ஜீனியா ராய்டன், இரண்டாவது வானொலி அலையைச் செலுத்தி ஐதரசன், கரிமம் இவற்றிடையேயான பிளவைக் குலைத்து, கரிமம்-13 இன் தற்சுழற்சியை அளந்தார். 1957 இல் பால் லாட்டர்பர் இயற்கைக் கரிமத்தின் நிறமாலைகளையே பதிவு செய்தார். 1966 இல் ரிச்சர்டு எர்ன்சும் புளோக்கின் மாணவரான வெசுட்டன் ஆண்டர்சனும் துடிப்பு, பூரியே மாற்றம் ஆகியவற்றைப் புகுத்திய பின்னரே இம்முறை அன்றாடக் கருவியானது.

இதன் வலிமையைச் சைலீன் கொண்டு உணரலாம். மூன்று சைலீன்களுக்கும் ஒரே வாய்பாடு, எட்டுக் கரிம அணுக்கள். சமச்சீரால் ஒத்த கரிமங்கள் ஒரே கோட்டில் விழுவதால் ஆர்த்தோ சைலீன் நான்கு கோடுகளையும், மெட்டா ஐந்தையும், பாரா மூன்றையும் தருகின்றன. எண்ணத் தெரிந்தால் போதும், குப்பியில் இருப்பது எது எனச் சொல்லிவிடலாம்.

பிற்காலம்

நோபல் பரிசு பெற்ற முதல் ஸ்டான்போர்டு பேராசிரியர் புளோக்கே. உடன் உழைத்த ஆன்சன் 1949 இலேயே மறைந்துவிட்டார். 1954 இல் செர்ன் அமைப்பின் முதல் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்ற புளோக், நிர்வாகத்தை விட ஆய்வையே விரும்பியதால் 1955 இல் ஸ்டான்போர்டுக்குத் திரும்பினார். 1971 இல் ஓய்வு பெற்றார். தாம் பிறந்த சூரிக்கு நகரிலேயே 1983 இல் காலமானார்.