அட்டைப்படம் தீட்டிய ஓவியர் மணியம்



விழா மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி கேட்டார்கள். காந்தியடிகளையும் பாரதியாரையும் திரு.வி.க.வையும் எத்தனையோ முறை எழுதியாகிவிட்டது. யாரை எழுதுவது என்ற யோசனையோடு பள்ளி நூல்நிலையத்துப் பக்கம் போனேன். நான்காம் ஆண்டுப் பையன்கள் மூன்று பேர் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, ஒரு பழைய காமிக்ஸ் புத்தகத்தின் அட்டையைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார்கள். உள்பக்கம் எல்லாம் கறுப்பு வெள்ளை. அட்டை மட்டும் மஞ்சளும் சிவப்புமாக மின்னியது. இதை வரைந்தது யாரப்பா என்று கேட்டேன். ஒருவன் கதாநாயகன் பெயரைச் சொன்னான். இன்னொருவன் புத்தகத்தின் பெயரைச் சொன்னான். வரைந்தவர் பெயர் யாருக்கும் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் தெரியாது.

1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கி, இரும்புக்கை மாயாவி நம் பிள்ளைகளின் பைக்குள் புகுந்த நாள் முதல், எத்தனை அட்டைகளைப் பார்த்து ஆசைப்பட்டுக் காசு கொடுத்திருக்கிறோம்! தீட்டிய கையை மட்டும் நாம் விசாரித்ததே இல்லை. அந்த வெட்கத்தில்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். காமிக்ஸ் நம்மிடம் வருவதற்கு வெகுகாலம் முன்பே, வாரந்தோறும் ஒரு தொடர்கதைக்குப் படமும் பத்திரிகைக்கு அட்டையும் தீட்டி, கதைமாந்தருக்கு முகம் கொடுத்த ஒருவர் தமிழில் இருந்தார். பெயர் மணியம். பொன்னியின் செல்வன் படித்த எந்த வீட்டிலும் அவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள், பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

முழுப்பெயர் டி.யு. சுப்பிரமணியம். 1924ஆம் ஆண்டு சென்னை மயிலாப்பூரில் பிறந்தவர். சென்னை அரசு ஓவியப் பள்ளியில் சேர்ந்து பயின்றார். 1850இல் தொடங்கப்பட்ட பழம்பெரும் பள்ளி அது. அங்கே அப்போது தலைமை ஏற்றிருந்தவர் வங்காளத்துச் சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி. இந்தப் பெயர் உங்களுக்குப் புதிதாக இருக்கலாம். ஆனால் அவருடைய கைவேலை உங்களுக்குத் தெரியும். சென்னை மெரினா கடற்கரையில் நான்கு தொழிலாளிகள் பாறையை நெம்பி நகர்த்தும் உழைப்பாளர் சிலையைப் படத்திலாவது பார்த்திருப்பீர்களே, 1959இல் அங்கே நிறுவப்பட்ட அந்தச் சிலையைச் செய்தவர் அவர்தான். தோள் எப்படிப் புடைக்கும், முதுகு எப்படி வளையும் என்று அந்த அளவுக்குக் கவனித்தவர் தலைமையில் இருந்த பள்ளியில் மணியம் படித்தார்.

ஆனால் படிப்பு முழுதாக முடியவில்லை. அதற்குள் கல்கியின் கண்ணில் பட்டுவிட்டார்.

கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி ஆனந்த விகடனை விட்டு வெளியேறி, நண்பர் சதாசிவத்துடன் சேர்ந்து 1941இல் சொந்தப் பத்திரிகை தொடங்கியிருந்தார். அதற்கான முதலில் ஒரு பங்கு, எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையார் சாவித்திரி படத்தில் நாரதர் வேடம் போட்டுச் சம்பாதித்த பணம். அப்படித் தொடங்கிய பத்திரிகைக்கு நல்ல ஓவியர் வேண்டும். தாடி மீசை சரியாக முளைக்காத வயதிலேயே மணியம் அங்கே போய்ச் சேர்ந்தார். பள்ளிச் சான்றிதழ் போனால் போகிறது என்று துணிந்த முடிவு அது. பெற்றோர்களே, அந்தத் துணிவு எல்லாருக்கும் பலிக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்குப் பலித்தது.

மாணவர்களே, அட்டைப்படம் என்பது எப்படி உருவானது என்று கொஞ்சம் சொல்கிறேன், கேளுங்கள். அப்போது கணினி ஏது? எல்லாம் தாள், தூரிகை, வண்ணக் குழம்பு. அச்சில் வரும் அளவைவிடப் பெரிதாக வரைவார்கள், சிறிதாக்கும்போது படம் இறுகி அழகுபடும் என்பதற்காக. மேலே பத்திரிகையின் பெயர் வருமிடத்தைக் காலியாக விட வேண்டும். அந்த இடத்தில் கதாநாயகியின் தலை போய் முட்டிக்கொண்டால் போச்சு! நீர்வண்ணம் என்றால் மென்மையான நிறத்தை முதலில் பூசி, காயவிட்டு, அதன்மேல் அடர்ந்த நிறம். வெள்ளை வேண்டிய இடத்தில் வெறும் தாளையே விட்டுவிட வேண்டும். ஒரு முறை கறை பட்டால் அழிக்க முடியாது. போஸ்டர் வண்ணம் கொஞ்சம் கருணையுள்ளது, மேலே பூசி மறைக்கலாம்.

அதோடு முடிந்ததா? படம் பிளாக் செய்யும் இடத்துக்குப் போகும். ஒரே படத்தை நிறம் பிரித்துத் தனித்தனியாகப் புகைப்படம் எடுத்து, மஞ்சளுக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று என்று உலோகத் தகடுகள் செய்வார்கள். தேவைப்பட்டால் கறுப்புக்கும் ஒன்று. ஒவ்வொன்றாக ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்று அச்சாகும். ஒரு மயிரிழை நகர்ந்தால் போதும், உதட்டுச் சிவப்பு கன்னத்தில் ஏறிவிடும். ஓவியர் வீட்டில் தீட்டிய நிறம் ஒன்று, கடையில் தொங்கும் நிறம் வேறொன்று. இதையெல்லாம் முன்கூட்டியே மனக்கணக்குப் போட்டுத் தீட்டுகிறவன்தான் அட்டைப்பட ஓவியன். உள்பக்கப் படங்களின் கதை வேறு. அங்கே மட்டமான தாள், நுண்ணிய புள்ளிகள் அதில் நிற்காது, மை அப்பிவிடும். ஆகவே கறுப்பு மையில் தெளிந்த கோடு. மணியத்துக்கு இரண்டும் கைவந்தது. என்னைக் கேட்டால், அட்டையில் அவர் அழகர், கோட்டில் அவர் அரசர்.

கல்கியின் சிவகாமியின் சபதத்தில் ஆயனச் சிற்பி என்றொரு பாத்திரம். அஜந்தா குகையில் ஆயிரம் ஆண்டு கடந்தும் மங்காத வண்ணத்தின் இரகசியம் என்ன என்று தெரிந்துகொள்ள அவர் தவித்தபடியே இருப்பார், ஊண் உறக்கம் மறந்து. அந்த அஜந்தாவுக்குக் கல்கி மணியத்தை அழைத்துக்கொண்டு போனார். நினைத்துப் பாருங்கள். அழியாத வண்ணத்தின் எதிரே போய் நிற்கிறார், ஒரு வாரத்தில் பழசாகிப் பொட்டலம் மடிக்கப் போகும் தாளில் படம் போடும் இளைஞர். அங்கிருந்து திரும்பி வந்து மறுபடியும் அதே தாளில்தான் வரைந்தார். ஆனால் அஜந்தாச் சுவரில் கண்ட கண்ணும் விரலும் இடையின் வளைவும் அந்தத் தாளில் இறங்கி வந்தன.

பிறகு இலங்கைக்கும் கல்கியோடு பயணம். பொன்னியின் செல்வன் கதையில் ஒரு பகுதி இலங்கைக் காட்டிலும் அநுராதபுரத்துத் தெருக்களிலும் நடக்கிறதல்லவா? எழுதுகிறவர் பார்க்க வேண்டியதை வரைகிறவரும் பார்க்க வேண்டும் என்பது கல்கியின் கொள்கை. இன்று இதைச் செய்கிற பத்திரிகை முதலாளி யார் இருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை.

1950 அக்டோபரில் பொன்னியின் செல்வன் தொடங்கியது. 1954 நடுவரை ஏறத்தாழ மூன்றரை ஆண்டு. மொத்தம் ஐந்து பாகம், 293 அத்தியாயம். வாரம் பிறந்தால் படம் போயாக வேண்டும். காய்ச்சல், கல்யாணம், கருமாதி என்று சாக்குச் சொல்ல முடியாத வேலை. பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு இது புரியும்.

அந்த ஆண்டுகள் நம் நாட்டில் எப்படிப்பட்டவை தெரியுமா? 1948இல் தொடங்கிய அவசரகாலம் உச்சத்தில் இருந்த சமயம். தோட்டங்களில் லயங்களை ஒரே இடத்தில் சேர்த்து முள்வேலி போட்டு, இரவில் ஊரடங்கு வைத்திருந்தார்கள். ரஜுலா போன்ற கப்பலில் பினாங்குக்கு வந்து இறங்கும் தமிழ்ப் பத்திரிகைகள், இரயிலேறிப் பாரிட் புந்தார் கடைத்தெருவுக்கு வந்து, கிரியான் ஆற்றைத் தாண்டி நம் பண்டார் பாருப் பக்கத்துத் தோட்டங்களுக்கு வருவதற்குள் வாரங்கள் உருண்டோடிவிடும். ஒரு பிரதி பத்து வீடு சுற்றும். எழுத்துத் தெரிந்த ஒருவர் விளக்கடியில் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம். பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எழுத்துத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? படத்தைப் பார்ப்பார்கள். பத்திரிகை கைமாறும்போது ஒவ்வொருவரும் அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று போவார்களாம். படிக்கத் தெரிந்தவருக்குக் கல்கி எழுதினார். தெரியாதவருக்கு மணியம் எழுதினார் என்றே சொல்லத் தோன்றுகிறது.

அவர் செய்த காரியத்தின் அருமையைப் பாருங்கள். சோழர் காலத்து ஆள் ஒருவரின் புகைப்படம் உண்டா? வந்தியத்தேவன் எப்படி இருந்தான் என்று யார் கண்டார்? கோயில் சிலைகளிலும் செப்புத் திருமேனிகளிலும் கிடைக்கிற நகை, ஆடை, கொண்டை இவற்றை வைத்துக்கொண்டு உயிருள்ள ஆளை உண்டாக்க வேண்டும். குந்தவையும் நந்தினியும் இருவருமே பேரழகிகள் என்று கல்கி எழுதிவிட்டார். எழுதுவது சுலபம். படத்தில் இரண்டு அழகிகளை எப்படிப் பிரித்துக் காட்டுவது? மணியம் கூந்தலில் பிரித்தார். நந்தினிக்கு ஒருபுறம் சாய்ந்த ஆண்டாள் கொண்டை. குந்தவைக்கு வேறு அலங்காரம். பெயரைப் படிக்காமலே, பக்கத்தைப் புரட்டிய மாத்திரத்தில் இன்னார் என்று தெரிந்துவிடும். ஆழ்வார்க்கடியானுக்குக் குட்டை உடம்பும் முன்குடுமியும். ஓடக்காரப் பெண் பூங்குழலிக்குக் காற்றில் அலையும் முடியும் முறுக்கேறிய உடலும். இதுவே காமிக்ஸ் ஓவியரின் வித்தையும்கூட. ஆயிரம் கட்டத்தில் வந்தாலும் ஆள் மாறக்கூடாது.

1954 டிசம்பர் 5ஆம் நாள் கல்கி காலமானார். வயது 55. தன்னைக் கண்டெடுத்து, கூடவே அழைத்துச் சென்று, கண்ணுக்குப் பயிற்சி கொடுத்தவர் போய்விட்டார். மணியத்துக்கு அப்போது 30 வயதுதான். அவர் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. பின்னாளில் வேறு பத்திரிகைகளுக்கும் தீபாவளி மலர்களுக்கும் வரைந்தார். 1960இல் பார்த்திபன் கனவு திரைப்படமானபோது அதன் கலை இயக்கத்தைக் கவனித்தார். தாளில் தீட்டிய பழங்கால மண்டபத்தையும் மாளிகையையும் மரத்திலும் சாந்திலும் எழுப்பிப் பார்க்க ஒரு வாய்ப்பு.

1968இல் மணியம் இறந்தார். 44 வயது. இந்த வயதில் நம் தோட்டத்தில் பலர் பேரப்பிள்ளை பார்ப்பதில்லை. பொன்னியின் செல்வன் தொடங்கிய அதே 1950இல் பிறந்த அவர் மகன் அப்போது பால்மணம் மாறிய இளைஞர். அவரே பிற்காலத்தில் மணியம் செல்வன் என்ற பெயரில் புகழ்பெற்றார். பொன்னியின் செல்வன் மீண்டும் மீண்டும் கல்கியில் தொடராக வந்தபோது வினு, பத்மவாசன், மணியம் செல்வன் எனப் பலர் அதற்குப் படம் வரைந்தனர். ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வோர் அழகு. ஆனால் எவர் வரைந்தாலும் நந்தினியின் கொண்டை மட்டும் மணியம் முடிந்து விட்ட இடத்திலேயே இருக்கிறது!

2022லும் 2023லும் மணிரத்னம் இயக்கத்தில் பொன்னியின் செல்வன் இரண்டு பாகமாகத் திரைக்கு வந்ததே, எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டியைப் பேரன் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினான். எண்பதைத் தாண்டியவர், பள்ளிக்கூடமே போகாதவர். திரும்பி வந்ததும் எப்படி இருந்தது என்று விசாரித்தேன். எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சாம், ஆனா நந்தினி அது இல்லையாம். நந்தினியை நீங்கள் எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டேன். சின்னப் பிள்ளையாக இருந்தபோது லயத்துப் பலகைச் சுவரில் ஒட்டியிருந்தாள் என்றார்.

அது கல்கியிலிருந்து கிழித்த படமாம். கதைப் பக்கங்களை எல்லாம் பாட்டியின் தகப்பனார் வெட்டி எடுத்து, ஊசி நூல் போட்டுத் தைத்து, தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்துவிட்டார். வண்ண அட்டைகளைத் தைக்க முடியவில்லை, சுவருக்குப் போயின. விறகடுப்புப் புகையில் முதலில் மஞ்சள் போயிற்று, பிறகு சிவப்பு. கடைசியில் நீலமும் மங்கி, ஒரு நாள் சுண்ணாம்பு அடிக்கும்போது சுவரோடு மறைந்தன.

தைத்த புத்தகம் இன்னும் இருக்கிறது. பாட்டி பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். தாள் பழுப்பேறி ஓரம் பொடிப்பொடியாக உதிர்கிறது, அந்துப்பூச்சி அரித்த ஓட்டை வேறு. மெதுவாகப் புரட்டினேன். கோடிக்கரையில் பூங்குழலி துடுப்புப் போடுகிறாள். கறுப்புக் கோடு அப்படியே இருக்கிறது. நூல்நிலையத்துப் பையன்கள் மூவரையும் அடுத்த சனிக்கிழமை பாட்டி வீட்டுக்கு அழைத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். பென்சில் கொண்டுவரலாம், பேனா கூடாது என்பது பாட்டியின் கட்டளை.