எழுதத் தெரியாமலே எழுத்தாளர் ஆனவர்

நம் கூட்டமைப்பு மலரில் ஒரு சாதனைப் பெண்மணியைப் பற்றி எழுதச் சொன்னாங்க. நான் வை.மு. கோதைநாயகி அம்மாளைத் தேர்ந்தெடுத்தேன். எங்க குழுவில் தீர்மானப் புத்தகம் எழுதுறது நான்தான். மலருக்கு நீங்களும் எழுதுங்கன்னு கேட்டா, "நமக்கெல்லாம் எழுத்து வராதுக்கா"ன்னு நிறைய பேர் ஒதுங்கிடுறாங்க. அவங்களுக்காகத்தான் இந்த அம்மா கதை.

கோதைநாயகி 1901 டிசம்பர் 1-ஆம் தேதி பிறந்தார். சின்ன வயதிலேயே தாயை இழந்தார். ஐந்தரை வயதில் கல்யாணம். கணவர் சென்னை திருவல்லிக்கேணியைச் சேர்ந்த வை.மு. பார்த்தசாரதி. பள்ளிக்கூடம் போய்ப் படித்தவர் இல்லை. ஆனால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கதை சொல்வதில் கெட்டிக்காரர். கணவர் நாடகம் பார்க்கக் கூட்டிப் போவார். பார்க்கப் பார்க்க, நாமும் ஒன்று எழுதலாமே என்ற ஆசை வந்தது.

ஆசை இருந்தது, கை ஓடவில்லை. சரளமாகத் தமிழ் எழுதும் பழக்கம் இல்லை. அதற்காக அவர் சும்மா இருந்துவிடவில்லை. தோழி பட்டம்மாளைப் பக்கத்தில் உட்கார வைத்து, தான் சொல்லச் சொல்ல எழுத வைத்தார். அப்படிப் பிறந்ததுதான் 'இந்திரமோகனா' என்ற நாடகம். 1924-ல் புத்தகமாக வந்தது. பிறகு அந்தத் தோழியிடமே எழுதவும் கற்றுக்கொண்டார்.

அடுத்த கேள்வி, எழுதியதை எங்கே வெளியிடுவது? பெண் கதை எழுதுவதையே கேலி பேசிய காலம் அது. யாராவது போடுவார்களா என்று காத்திருக்காமல், நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி' என்ற பத்திரிகையை 1925-ல் வாங்கித் தானே ஆசிரியர் ஆனார். 'வைதேகி' என்ற நாவலை அதில் தொடராக எழுதினார். பிறகு சொந்த அச்சகமும் வந்தது. எழுதுவது, அச்சடிப்பது, விற்பது எல்லாம் தன் கையிலேயே. சொந்தத் தொழில் செய்கிற நமக்கு இதன் அருமை புரியும். சரக்கை வாங்க ஆள் இல்லை என்றால், நாமே சந்தையை உண்டாக்க வேண்டியதுதான்.

சுமார் 35 வருஷம் அந்தப் பத்திரிகையை நடத்தினார். மொத்தம் 115 நாவல்கள் எழுதினார். இவ்வளவுக்கும் ஊக்கம் எங்கிருந்து வந்திருக்கும்னு யோசிச்சுப் பார்த்தேன். எனக்குத் தோன்றுவது இதுதான்: மாதம் பிறந்தால் இதழ் வந்தாகணும். சந்தா கட்டினவங்க அடுத்த பகுதிக்காகக் காத்திருப்பாங்க. மனசு நல்லா இருக்கும்போது எழுதலாம்னு தள்ளிப் போட முடியாது. நம்ம குழுக் கூட்டமும் தவணைத் தேதியும் நம்மளை ஓட வைக்கிற மாதிரிதான் இதுவும்.

எழுத்தோடு அவர் நிற்கவில்லை. 1925-ல் காந்தியடிகளைச் சந்தித்த பிறகு பட்டையும் நகையையும் விட்டுக் கதர் உடுத்தினார். மேடை ஏறினார், நன்றாகப் பாடவும் செய்வார் என்பதால் கூட்டம் கூடியது. மறியல் செய்து சிறைக்கும் போனார். சிறையிலும் எழுதினார். உலகப் போர்க் காலத்தில் தாளுக்கே தட்டுப்பாடு. அதையும் தாண்டிப் பத்திரிகை பிழைத்தது. அவருடைய கதைகள் சினிமாவுக்கும் போயின. 1938-ல் 'அநாதைப் பெண்' படமானது. பத்மினி நடித்த 'சித்தி' படத்தை டி.வி.யில் பார்த்து அழாதவங்க நம்மில் குறைவு. 1966-ல் வந்த அந்தப் படமும் அவருடைய நாவல்தான். ஆனால் அதைப் பார்க்க அவர் இல்லை.

1956-ல் ஒரே மகன் சீனிவாசன் இறந்துபோனார். பெற்ற மனசு அதைத் தாங்கவில்லை. உடம்பும் விழுந்தது. 1960 பிப்ரவரி 20-ல் காலமானார். சாதித்தவர்கள் வாழ்வில் துக்கம் வராது என்று நான் எழுதினால் அது பொய்யாகிவிடும்.

சகோதரிகளே, நம்ம குழுக்கள்ல கையெழுத்து மட்டும் போடக் கத்துக்கிட்டவங்க இருக்காங்க. ஆனா அவங்க பேச ஆரம்பிச்சா கேட்டுக்கிட்டே இருக்கலாம். முதல் கடன் வாங்கிய கதை, மாடு வாங்கிய கதை, புருஷன் குடியை நிறுத்தப் பட்ட பாடு எல்லாம் அவங்ககிட்ட இருக்கு. அவங்க சொல்லட்டும். பள்ளிக்கூடம் போற பேத்தியோ, என் மாதிரி நோட்டு எழுதுறவங்களோ எழுதிக் கொடுக்கட்டும். கதைக்குக் கீழே சொன்னவங்க பேர்தான் வரணும். அடுத்த மாதக் கூட்டத்தில் குழுவுக்கு ஒருத்தர்னு ஆரம்பிக்கலாம்னு நான் கேட்டிருக்கேன். முதல் ஆளா யார் சொல்லப் போறீங்க? நோட்டு தயாரா இருக்கு.